முயல்தானே என்று சொல்லாதீர்கள்!



போன இதழில் நான் விடுகதை எழுதியிருந்தேன். இந்தத் தடவையும் விடுகதைதான் எழுதறதா இருந்தேன். ஆனா மனசு வரலை. அதனால மனசுல இருக்கறதையே எழுதிட்டேன். கொஞ்சம் நீளம்தான். சாப்பாட்டு மணி அடிச்சதும் பாதியில ஓடிடாம முழுசாப் படிங்க!

எங்க வீட்டு முயலோட பேரு பஞ்சு. 2020-இல் கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடத்தை மூடியிருந்தாங்களே, அப்போ எங்க மாமா ஒரு அட்டைப்பெட்டியில வெச்சுக் கொண்டு வந்தாங்க. அப்போ நான் நாலாம் வகுப்பு. விளையாட யாருமே இல்லாத அந்த மாசங்கள்ல எனக்கு அவதான் தோழி. வாய்ப்பாடு ஒப்பிச்சா காதைத் தூக்கிக் கேப்பா. இப்போ அவளுக்கு அஞ்சு வயசு. அவளுக்குப் புற்றுநோய்.

இதைச் சொன்னதும் எங்க வகுப்பில ரெண்டு பேர் சிரிச்சாங்க. "முயலுக்கெல்லாமா கேன்சர் வரும்? இதுக்கா லீவு போட்ட?" என்று கேட்டாங்க. அவங்க மேல எனக்குக் கோபம் இல்லை. எனக்கு வராம இருந்திருந்தா நானும் சிரிச்சிருப்பேனோ என்னமோ. ஆனா "முயல்தானே" என்ற அந்த ஒரு வார்த்தை தப்பு என்பது என் கருத்து. ஏன் என்று சொல்றேன்.

<b>எப்படித் தெரிந்தது?</b>

ஒருநாள் காலையில கூண்டுக்கு அடியில விரிச்சிருந்த பேப்பர்ல சிவப்பா இருந்துச்சு. முந்தின நாள் பீட்ரூட் தோல் போட்டிருந்தேன். அதான் போல என்று விட்டுட்டேன். முயலுக்குச் சாப்பிடுற தீனியைப் பொறுத்து சிறுநீர் சிவப்பா வர்றது உண்மைதான். ஆனா அதுக்கப்புறம் பீட்ரூட் போடாத நாள்லயும் வந்துச்சு. அப்போ காலாண்டுப் பரீட்சை நேரம். வீட்டில சொன்னா படிக்கிற நேரத்துல இது எதுக்குன்னு திட்டுவாங்கன்னு நான் சொல்லவே இல்லை. மூணு வாரம் போயிடுச்சு. பஞ்சு இளைச்சுப் போனா. அப்புறம்தான் அப்பாகிட்ட சொன்னேன்.

எங்க ஊர் கால்நடை மருந்தகத்துக்குப் போனோம். மாடும் ஆடும் வரிசையா நிக்க, நான் மட்டும் பையில முயலோட நின்னேன். டாக்டர் வயித்தை அமுக்கிப் பாத்துட்டு, "உள்ள கட்டி மாதிரி தட்டுப்படுது, நாமக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்க" என்று எழுதிக் கொடுத்தார். நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு. அங்கே ஸ்கேனும் எக்ஸ்ரேயும் எடுத்தாங்க. கருப்பையில கட்டிகள். நுரையீரலிலும் புள்ளி புள்ளியா பரவியிருந்துச்சு.

அறிவியல் பாடத்துல செல் பிரிதல் படிக்கிறோம் இல்லையா? அந்தப் பிரிதல் நிற்காம, கட்டுப்பாடு இல்லாம பெருகினா அதுதான் புற்றுநோய். மனுசருக்கு மட்டும் இல்ல, நாய், மாடு, முயல் எதுக்கும் வரலாம். அதிலும் கருப்பையை எடுக்காத பெண் முயல்களுக்கு மூணு நாலு வயசு தாண்டினா இந்த நோய் ரொம்ப சகஜமாம். சில இனங்களில் பாதிக்கும் மேல் முயல்களுக்கு வருதாம். எனக்கு இது அஞ்சு வருசமாத் தெரியாது. முயல் வளர்க்கிற யாருக்கும் எங்க பக்கம் தெரியலை.

"கருப்பையோட மட்டும் இருந்திருந்தா ஆபரேஷன் செஞ்சு எடுத்திருக்கலாம். நுரையீரலுக்குப் போயிட்டதால இனி ஆபரேஷன்ல பிரயோஜனம் இல்லம்மா. வலி இல்லாம பாத்துக்கலாம்" என்றாங்க டாக்டரம்மா. நான் அங்கேயே அழுதுட்டேன். "நான் மூணு வாரம் முன்னாடியே சொல்லியிருந்தா?" என்று கேட்டேன். "மூணு வாரத்துல வந்த கட்டி இல்ல இது. ரொம்ப மாசமா உள்ளயே வளந்திருக்கு. நீ காரணம் இல்ல கண்ணு" என்றாங்க. பஸ்ஸில வர்ற வழியெல்லாம் அந்த வார்த்தையைத்தான் பிடிச்சுக்கிட்டு வந்தேன்.

<b>முயல் ஏன் சொல்லவில்லை?</b>

முயல் வலியை மறைக்கும். காட்டில நரி, கழுகு எல்லாம் நோஞ்சானாத் தெரியுற உயிரைத்தான் முதல்ல பிடிக்கும். அதனால முயலுக்கு வலியை வெளியே காட்டாம இருக்கறது பிறவிக் குணம். லேசுல கத்தாது, அழாது. நாமதான் பாத்துக் கண்டுபிடிக்கணும்.

யோசிச்சுப் பாத்தா எங்க வீட்டில அம்மாவும் அப்படித்தான். காய்ச்சலோட சோறு ஆக்குவாங்க, கேட்டா "ஒண்ணுமில்ல" என்பாங்க. நம்ம வகுப்புப் பெண்கள்லயும் வயித்து வலியோட வாய் திறக்காம உக்காந்திருக்கறவங்க இருக்கோம். முயலுக்கு நரி பயம். நமக்கு என்ன பயம்? தோழிகளே, தயவுசெய்து சொல்லிடுங்க. வீட்டிலயோ டீச்சர்கிட்டயோ யார்கிட்டயாவது சொல்லிடுங்க.

<b>குணமாகாது என்றால் கைவிடுவதா?</b>

இதுதான் என் கட்டுரையின் முக்கியக் கேள்வி. வீட்டுக்கு வந்ததும் ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. "பொழைக்காதுன்னு சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் எதுக்கு மருந்து?" என்றாங்க பக்கத்து வீட்டு அத்தை. "இளைக்கறதுக்குள்ள கறி போட்டுடலாம்" என்றார் ஒரு பெரியப்பா. "பிள்ளைங்களுக்கு ஒட்டிக்கப் போகுது" என்றாங்க இன்னொருத்தர்.

மூணுக்கும் பதில் சொல்றேன். புற்றுநோய் ஒட்டாது. கூண்டைச் சுத்தம் செஞ்சு கையைக் கழுவினா போதும், அது எல்லா முயலுக்கும் செய்ய வேண்டியதுதான். நோய் வந்த, மருந்து சாப்பிடுற முயலோட கறியைச் சாப்பிடக் கூடாது. முதல் கேள்விக்கு மட்டும் எனக்கு உடனே பதில் தெரியலை. இப்போ தெரியும். குணமாக்க முடியாத நோய்க்கும் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கு. நான் செய்யறதை எழுதுறேன், யாருக்காவது உதவும்.

1. டாக்டர் கொடுத்த வலி மருந்தை நேரம் தவறாம அளந்து வாயில விடணும். நமக்கு வாங்கின மாத்திரையை உடைச்சுக் கொடுக்கவே கூடாது.

2. முயல் பட்டினி கிடக்கக் கூடாது. நமக்கு ஒருநாள் சாப்பிடலைன்னா பரவாயில்லை. முயலுக்குக் குடல் ஓடிக்கிட்டே இருக்கணும், நின்னா உயிருக்கே ஆபத்து. பாதி நாளுக்கு மேல எதுவும் தின்னாம, புழுக்கையும் போடாம இருந்தா உடனே டாக்டர்கிட்ட ஓடணும். பஞ்சு தின்னாத நேரத்துல டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தபடி தீவனத்தை ஊற வெச்சுக் கரைச்சு, ஊசி இல்லாத சிரிஞ்சுல கொஞ்சம் கொஞ்சமா கன்னத்தோரமா விடுறேன்.

3. புல்லுதான் முக்கியச் சாப்பாடு. அருகம்புல், வேலிமசால் பறிச்சுப் போடுறேன். கேரட் ஆசைக்கு ஒரு துண்டு மட்டும். படத்துல காட்டுற மாதிரி முயலுக்குக் கேரட்டே சாப்பாடு இல்ல!

4. வெயில் ஆகாது. முயலுக்கு நம்மள மாதிரி வேர்க்காது, காது வழியாத்தான் சூடு வெளியே போகும். கூண்டு மேல ஈரச் சாக்கு போடுறேன்.

5. வலி இருக்கான்னு பாக்கணும். கூனிக்கிட்டு உக்காந்திருக்கறது, கண்ணைப் பாதி மூடிக்கறது, பல்லை நறநறன்னு கடிக்கறது, இதெல்லாம் வலியோட அடையாளம்.

இதுல எதுக்கும் பெரிய செலவு இல்லை. நேரம்தான் செலவு. "மனுசனுக்கே வைத்தியம் பாக்க முடியல, முயலுக்கா?" என்று கேட்பவங்க இருக்காங்க. அந்தக் கேள்வி நியாயம்தான். எங்க அப்பா கடன் வாங்கி ஆபரேஷன் செய்யணும்னு நான் கேட்கவே மாட்டேன். ஆனா வலியைக் குறைக்கறதும் பக்கத்துல உக்காந்திருக்கறதும் காசு இல்லாதவங்களும் செய்யக்கூடிய வைத்தியம்.

இன்னொண்ணும் ஒத்துக்கறேன். நான் கோழிக்கறி சாப்பிடுவேன். நம்ம பள்ளியிலயே முயல் பண்ணை வெச்சிருக்கறவங்க வீட்டுப் பிள்ளைங்க இருக்காங்க, அது அவங்க பிழைப்பு. அதைத் தப்புன்னு சொல்ல வரலை. ஆனா பேரு வெச்சு, மடியில வெச்சு வளத்த உயிர் நம்மளை நம்பித்தானே இருக்கு? நல்லா இருக்கறப்ப "என் பஞ்சு", நோய் வந்தா "முயல்தானே" என்றால், அது என்ன நியாயம்? நீங்களே சொல்லுங்க!

<b>ஒரு நோட்டு</b>

நான் பழைய நோட்டு ஒண்ணு வெச்சிருக்கேன். தினமும் ராத்திரி நாலு கேள்வி: சாப்பிட்டாளா? புழுக்கை போட்டாளா? நடந்தாளா? கூப்பிட்டா வந்தாளா? நல்ல நாள்னா டிக், கெட்ட நாள்னா பெருக்கல் குறி. போன மாசம் முழுக்க டிக்தான் அதிகம். இந்த மாசம் பெருக்கல் குறி கூடிக்கிட்டு வருது.

பெருக்கல் குறி டிக்கை விட அதிகமானா கூட்டிக்கிட்டு வாங்க, வலியே தெரியாம ஊசி போட்டுத் தூங்க வெச்சு அனுப்பிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. முதல்ல கேட்டப்ப, அது கொலை என்று நினைச்சேன். வீட்டுக்கு வந்து சாப்பிடவே இல்லை. இப்போ அப்படி நினைக்கலை. அவ மூச்சு விடவே கஷ்டப்படுறப்ப, என் அழுகைக்குப் பயந்து அவளை இழுத்துப் பிடிச்சு வெச்சா, அது பாசம் இல்லை, சுயநலம். எல்லாரும் இதை ஒத்துக்க மாட்டீங்க. எங்க அம்மாயி இன்னும் ஒத்துக்கலை. "தானா போற உயிரை நாம ஏன் அனுப்பணும்?" என்றுதான் கேக்கறாங்க. அவங்க சொல்றதும் எனக்குப் புரியுது. ஆனா ராத்திரி பல்லைக் கடிக்கிற சத்தத்தைக் கேக்கறது நான்.

<b>முடிவாக ஒரு வேண்டுகோள்</b>

பெண் முயல் வளர்க்கிறவங்க, குட்டி போட விடற எண்ணம் இல்லைன்னா, ஆறு மாசத்துக்கு மேல ரெண்டு வயசுக்குள்ள கருப்பை எடுக்கிற ஆபரேஷன் பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க. சிறுநீர்ல ரத்தம் மாதிரி எது பாத்தாலும், பரீட்சையா இருந்தாலும், அன்னிக்கே வீட்டில சொல்லுங்க. இதைப் படிச்சு ஒரே ஒரு முயல் பொழைச்சாலும் நான் மூணு வாரம் சும்மா இருந்த தப்புக்கு ஒரு ஆறுதல்.

யாராவது வீட்டில நாய் செத்துப்போச்சு, ஆட்டுக்குட்டி செத்துப்போச்சு என்று அழுதுக்கிட்டு வந்தா சிரிக்காதீங்க. "அதோட பேரு என்ன?" என்று கேளுங்க. எனக்கு ஒருத்தி அப்படிக் கேட்டா. அன்னிக்குத்தான் நான் மதியம் சாப்பிட்டேன்.

நேத்து ராத்திரி என் நோட்டில டிக். பஞ்சு ரெண்டு வாய் வேலிமசால் தின்னா.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி