விடுமுறையிலும் ஒரு வகுப்பு!

அயர்லாந்துக்குப் படிக்கச் செல்வோர், சனி, ஞாயிறுகளில் அறைக்குள் அடைந்து கிடக்கக் கூடாது என்பேன். டப்ளினில், 'டார்ட்' ரயில் ஏறினால், மீன்பிடித் துறைமுகமான ஹோத்துக்கு, சுமார் அரை மணி நேரம் தான். தெற்கே, டன் லேரி நோக்கிச் செல்வது, 1834ல் துவங்கிய, அந்நாட்டின் முதல் ரயில் பாதை!

நிலையப் பெயர்ப் பலகைகளில், ஆங்கிலத்துடன் ஐரிஷ் மொழியும் இருக்கும். அன்றாடம் பேசுவோர் குறைந்துவிட்ட தங்கள் மொழியை, அவர்கள் கைவிடவில்லை. பஸ்சிலிருந்து இறங்கும் பலர், ஓட்டுனருக்கு நன்றி சொல்வர். வாடகைக் காரில் போனால், இதையெல்லாம் கற்க முடியுமா?

ஒன்றை மறவாதீர்... கிராமங்களுக்கு பஸ் குறைவு. திரும்பி வரும் கடைசி பஸ்சின் நேரத்தைக் குறித்துக் கொண்ட பிறகே கிளம்ப வேண்டும்.

ஊர் சுற்றுவதும் படிப்பு தான், பொறுப்போடு சுற்றினால்!