இரவல் அட்டவணை



சென்ற மாதம் சகோதரி ஒருவர் எழுதிய கடிதம் என் மேசையை விட்டு இன்னும் அகலவில்லை. கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். இரண்டு பிள்ளைகள், இளையவனுக்கு வயது மூன்று. படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பேணும் பொறுப்பும் இவருடையதே. ஒரு பெண்மணி தம்முடைய நாளை எப்படிப் பங்கிட்டு நடத்துகிறார் என்று காட்டும் படத்தைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அதைப் போலவே ஓர் அட்டவணை எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினாராம். மூன்று முறை ஒட்டி, மூன்று முறையும் கிழித்தாயிற்று. "நான் சோம்பேறியா, அல்லது என் ஈமானில்தான் குறையா?" என்ற வினாவோடு கடிதத்தை முடித்திருக்கிறார்.

இரண்டும் இல்லை, சகோதரியே. நீங்கள் கதவில் ஒட்டியது வேறொருவருடைய நாள். உங்கள் வீட்டில் அது நில்லாமற் போனதில் வியப்பு என்ன இருக்கிறது? இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. இதே பிழையை உங்களுக்கு முன்னரே செய்தவன் நான்.

கல்லூரியில் வரலாறு பயின்ற நாளில், பழைய புத்தகக் கடையொன்றில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் தன்வரலாறு எனக்குக் கிடைத்தது. 1706ஆம் ஆண்டு பிறந்து, அச்சகத்தில் எழுத்துக் கோப்பவராக வாழ்வைத் தொடங்கி, அமெரிக்க நாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவராக உயர்ந்தவர் அவர். 13 நற்பண்புகளைத் தேர்ந்து, சிறு குறிப்பேட்டில் பண்புக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, வாரத்தின் 7 நாளுக்கும் கட்டம் வரைந்து, தவறிய இடங்களில் கரும்புள்ளி வைத்து வந்தார். 24 மணி நேரத்தையும் கூறுபோட்ட அட்டவணை ஒன்றும் அந்நூலில் உண்டு. காலை 5 மணிக்கு எழுதல். 8 முதல் 12 வரை வேலை. பிறகு 2 மணி வரை படிப்பு, கணக்கு, உணவு. மறுபடியும் 6 வரை வேலை. இரவு 10 மணிக்கு உறக்கம்.

அதை அப்படியே பெயர்த்தெழுதி அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிக்கொண்டேன். விடுதி அறையில் ஓரளவு நடந்தது. மதரஸாவில் ஆசிரியனாகி, குடும்பஸ்தனும் ஆன பின்பு அது நான்கு நாள்கூடத் தாங்கவில்லை. ஸுப்ஹு தொழுகை முடிந்ததும் சிறுவர்களின் மக்தப். முற்பகலில் மாணவர்களுக்குப் பாடம். நடுவில் ஒரு ஜனாஸா வரும். நிக்காஹுக்கு நாள் குறிக்க இரு வீட்டாரும் வருவர். வாரிசுப் பங்கு கேட்டு வருபவர் தம் அண்ணனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் கேள்விக்கே வருவார். இவர்களுள் எவரும் என் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு வருவதில்லையே! கரும்புள்ளிகள் பெருகின. அந்த எரிச்சலை ஒருநாள், பாடத்துக்குத் தாமதமாக வந்த மாணவன் ஒருவன்மீது கொட்டித் தீர்த்தேன். நோயுற்ற தந்தைக்குப் பதிலாகக் கடையைத் திறந்து வைத்துவிட்டு ஓடி வந்தவன் அவன் என்பது மாலையில்தான் தெரிந்தது. அன்றிரவு அந்தத் தாளைக் கிழித்தெறிந்தேன்.

பல்லாண்டு கழித்து அதே நூலைத் திரும்பப் புரட்டியபோது, இளமையில் நான் தாண்டிச் சென்ற பகுதி ஒன்று கண்ணில் பட்டது. 13 பண்புகளுள் ஒழுங்கு என்பதே தமக்கு மிகுந்த தொல்லை தந்தது என்று ஃபிராங்க்ளினே ஒப்புக்கொள்கிறார். தன் நேரத்தைத் தானே ஆளக்கூடிய அச்சுக்கூடத் தொழிலாளிக்கு அந்தத் திட்டம் பொருந்தலாம். பலரோடும் பழகி, வருவோரை அவர்களுக்கு வாய்த்த நேரத்தில் சந்திக்க வேண்டிய முதலாளிக்கு அது பொருந்தி வரவில்லை என்கிறார். திட்டத்தை வகுத்தவருக்கே பொருந்தாது போனதை, மதரஸா ஆசிரியன் ஒருவன் அலமாரியில் ஒட்டி வைத்துக் கண்ணீர் விட்டிருக்கிறான்.

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. எனக்குத் தேவையான விடை எங்கள் மதரஸாவின் கிதாபு அலமாரியிலேயே இருந்தது. ஹிஜ்ரி 505இல், அதாவது கி.பி. 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் 'இஹ்யா உலூமித்தீன்' 40 நூல்களாக அமைந்தது. அதன் 10ஆவது நூல், அன்றாட அவ்ராதுகளை வரிசைப்படுத்துவது பற்றியது. பகற்பொழுதை 7 பங்குகளாக்கி, எந்தப் பங்கில் எதைச் செய்வது என்று அதில் விரிவாக விளக்குகிறார்கள். ஆனால் அதோடு நிறுத்தவில்லை. இந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறும் என்று கூறி, மனிதரை ஆறு வகையாகப் பிரிக்கிறார்கள்: வணக்கத்துக்கே தம்மை ஒதுக்கிக்கொண்டவர், ஆலிம், மாணவர், உழைத்துக் குடும்பத்தைக் காப்பவர், ஆட்சிப் பொறுப்பில் இருப்பவர், இறை நினைவில் முற்றிலும் ஆழ்ந்துவிட்டவர். இவர்களுள் உழைப்பாளியைப் பற்றிக் கூறுவதுதான் நம் சகோதரிக்கு உரியது. தம்மை நம்பியிருக்கும் குடும்பத்தைக் கைவிட்டு, நேரம் முழுவதையும் உபரி வணக்கங்களில் கழிக்க அவருக்கு இடமில்லை. தொழில் நேரத்தில் கடைவீதிக்குச் சென்று பொருள் ஈட்டுவதே அவருடைய விர்து. மூன்று வயதுப் பிள்ளையின் தாயை ஏழாவது வகையாகச் சேர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. இமாம் அவர்கள் பொறுத்தருள்வார்களாக.

ஆகவே முதலில் அட்டவணை எழுத வேண்டாம். ஒரு வெள்ளி தொடங்கி அடுத்த வியாழன் முடிய, நடந்தவற்றை மட்டும் எழுதி வாருங்கள். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்புறமே போதும். எதையும் திருத்த முயலாதீர்கள். உங்களை நீங்களே கண்டிக்கவும் வேண்டாம். எந்த வேலைக்கு நடுவில் யார் அழைத்தார்கள் என்பதை மட்டும் தவறாது குறித்துக்கொள்ளுங்கள்.

இதை நான் என் துணைவியாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். "எழுதுறதுக்கு நேரம் இருந்தா நான் ஏங்க எழுதணும்?" என்றார். எனினும் எழுதினார். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நிறுத்தப்பட்டவர் அவர். பத்தாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆவல். மூன்றாண்டுகளாகப் புத்தகங்கள் மட்டும் வீட்டில் இருந்தன. வாரம் முடிந்து அவர் நீட்டிய ஏழு தாள்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தேன். அஸருக்குப் பின் பிள்ளைகள் விளையாடப் போய்விடுகிறார்கள். மஃரிபுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் வீடு ஓய்ந்து கிடக்கிறது. ஏழு நாளில் ஐந்து நாள் அந்த இடத்தில், "தேநீர், இருவர்", "தேநீர், மூவர்" என்று எழுதியிருந்தது. அந்த இருவரையும் மூவரையும் அழைத்து வந்தவன் நான்தான். மனைவிக்கு நேரத்தின் அருமையைக் கற்பிக்கப் புறப்பட்டவன், அவருடைய நாளில் இருந்த ஒரே வெற்றிடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறேன். தாள்களைத் தந்தபோது அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. இருபது ஆண்டுகளாகவும் சொன்னதில்லை.

இப்போது என்னைப் பார்க்க வருவோரை இஷாவுக்குப் பின் பள்ளிவாசல் திண்ணைக்கு வரச் சொல்கிறேன். தவிர்க்க முடியாதவர் அஸரில் வந்துவிட்டால் தேநீர் போடுவது என் வேலை. இருமுறை பால் பொங்கி அடுப்பு அணைந்தது. அதற்காகக் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டு அவர் எழுந்து வரவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

சகோதரிக்கு இன்னும் ஒன்று. எந்த வேலையையும் கடிகாரத்தோடு கட்டாமல் வக்தோடு கட்டுங்கள். மாலை 6 மணி என்று எழுதினால் நம் தமிழகத்தில் நவம்பரில் அது மஃரிபுக்குப் பின்னால் விழும். ஜூலையில் முன்னால் விழும். "லுஹர் தொழுத முஸல்லாவை மடித்தவுடன்" என்று எழுதினால் அது ஆண்டு முழுவதும் அங்கேயே நிற்கும். எப்படியும் எழுந்து நிற்கும் நேரம் அது. புதிதாக ஒரு பழக்கத்தை நட வேண்டியதில்லை, இருக்கும் பழக்கத்தோடு முடிச்சுப் போட்டால் போதும். ஒரு வக்துக்கு ஒரு வேலைக்கு மேல் வேண்டாம். ஐந்தில் இரண்டு வெறுமனே கிடக்கட்டும். மாமியாரின் மருந்தும் மகனின் காய்ச்சலும் அங்கே வந்து தங்கும். அஸரில் தவறியதை மஃரிபில் பார்த்துக்கொள்ளலாம். கரும்புள்ளி வேண்டவே வேண்டாம்.

ஏழு தாள்களும் நிறைந்ததும் அவற்றைக் கதவில் ஒட்டாதீர்கள். படம் பிடித்துக் கணவருக்கு அனுப்புங்கள். மாமியாருக்கு வேறு மக்கள் அருகில் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள். சபராளியின் மனைவி என்பதால் எல்லாம் தாமாக நடந்துவிடுகின்றன என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். வாரத்தில் இரு நாளேனும் அஸர் முதல் மஃரிப் வரை உம்மாவின் அருகில் யார் அமர்வது என்பதை அவர்கள் கலந்து பேசட்டும். அதன் பிறகு நான்காவது அட்டவணையை எழுதலாம். எழுதினால் எனக்கும் ஒரு படி அனுப்பி வையுங்கள். கணக்கில் சதவிகிதப் பாடம் வரை வந்துவிட்ட என் துணைவியாரும் அதைப் பார்க்க விரும்புகிறார்.