துப்பாக்கிக்கு லேத் பட்டறை வைத்தியமா?

ஸ்கூட்டருக்குச் சாமான் உடைந்தால் புதுப்பேட்டை இருக்கிறது. ரேடியோ, கம்ப்யூட்டர் என்றால் ரிச்சி தெரு இருக்கிறது. "இந்த மாடல் இப்ப வர்றதே இல்லையே சார்" என்று கடைக்காரர் தலையைச் சொறிவார். பிறகு பரணில் ஏறித் தேடி எப்படியும் ஒன்றை எடுத்துக் கொடுத்து விடுவார். அங்கேயும் இல்லையா? லேத் பட்டறைக்குப் போனால் அச்சு அசலாகக் கடைந்து தருவார்கள்.

ஆனால், கைத்துப்பாக்கியின் 'சேப்டி' உடைந்தால் எங்கே போவது?

இது ஏதோ சினிமா வில்லனின் கவலை என்று எண்ணிவிட வேண்டாம். நகைக்கடை முதலாளி, அடகுக்கடைக்காரர், எஸ்டேட் சொந்தக்காரர் என்று முறைப்படி லைசென்சு வாங்கி பிஸ்டல் வைத்திருப்பவர்கள் உண்டு. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்து இழுப்பறையில் அது இருக்கும். எதிரே குமாஸ்தா கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். வாடிக்கையாளர் குழந்தையோடு வந்து நிற்பார். சேப்டி கெட்டுப்போன பிஸ்டல் கை தவறி வெடித்தால், லைசென்சு யார் பேரில் இருக்கிறது என்று விசாரித்துவிட்டா குண்டு பாயும்?

பூட்டு இருக்கும், பூட்டாது!

சேப்டி என்பது கட்டை விரலால் தள்ளிவிடுகிற ஒரு சின்ன இரும்பு நெம்பு. பிஸ்டலுக்குள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்தி வைக்க ஒரு நாக்கு உண்டு. விசையை இழுத்தால் நாக்கு விலகும். சுத்தியல் பாயும். தோட்டா வெடிக்கும். பல பழைய பிஸ்டல்களில், அந்த நாக்கு விலகாதபடி முட்டுக் கொடுத்து நிற்பதுதான் சேப்டியின் வேலை.

முட்டு தேய்ந்து போனாலும், நெம்பைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் ஒடிந்து போனாலும், மேலே பார்க்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. நெம்பு 'பூட்டு' பக்கம்தான் இருக்கும். உள்ளே பூட்டியிருக்காது. சேப்டியே இல்லாத துப்பாக்கியைவிட இது மோசம். இல்லாததை நம்பி யாரும் ஏமாறமாட்டார்கள் அல்லவா?

1929-ல் ஜெர்மனியில் வெளிவந்த வால்தர் பிபி பிஸ்டலில் வேறு ஒரு ஏற்பாடு. நெம்பைக் கீழே தள்ளினால் சுத்தியல் தானாகவே விழும். அது ஊசியைத் தட்டிவிடாதபடி ஓர் உருளை குறுக்கே நின்று தடுக்கும். அந்த உருளையில் விரிசல் விழுந்தால் என்ன ஆகும்? பூட்டப்போன கையே சுட்ட கையாகிவிடும் ஆபத்து உண்டு.

ஏன் கிடைப்பதில்லை?

லைசென்சுதாரர்கள் கையில் உள்ள .32 பிஸ்டல்களில் பல, தாத்தா காலத்து வெளிநாட்டுச் சரக்கு. 1980-களில் தனியாருக்கான துப்பாக்கி இறக்குமதியை அரசு நிறுத்தியது. துப்பாக்கி சுடும் விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு உண்டு. அதற்கு முன்னால் வந்து சேர்ந்த பிஸ்டல்கள்தான் அப்பா பேரிலிருந்து மகன் பேருக்கு மாறி ஓடிக்கொண்டிருக்கின்றன. துப்பாக்கி இருக்கிறது. அதைச் செய்த கம்பெனி இருக்கவேண்டுமே! ஸ்பெயின் நாட்டில் பெயர் பெற்ற ஸ்டார், அஸ்ட்ரா கம்பெனிகள் 1990-களிலேயே கதவைச் சாத்திவிட்டன.

ஒன்றுபோல இருப்பதை வாங்கிப் போடலாமா என்றால், அதுவும் நடக்காது. முதல் உலகப் போரில், 1915-ல், பிரெஞ்சு ராணுவம் ஸ்பெயினிலுள்ள ஐபார் ஊரில் 'ரூபி' என்ற .32 பிஸ்டலுக்கு ஆர்டர் கொடுத்தது. ஒரு கம்பெனியால் முடியாமல் ஊரிலுள்ள பல பட்டறைகளும் சேர்ந்து செய்தன. பார்வைக்கு எல்லாம் ஒரே அச்சு. ஆனால் ஒரு பட்டறையின் தோட்டாப் பெட்டி இன்னொரு பட்டறையின் பிஸ்டலில் ஒழுங்காகப் பொருந்தவில்லை. எது எந்தப் பட்டறைச் சரக்கு என்று அடையாளம் காண எழுத்து பொறிக்கவேண்டி வந்தது. தோட்டாப் பெட்டிக்கே இந்தக் கதி என்றால், மயிரிழை அளவில் உட்காரவேண்டிய சேப்டி எந்த மூலைக்கு?

அசல் சாமானே கிடைத்தாலும்கூட, பல பிஸ்டல்களில் அதை அப்படியே மாட்டிவிட முடியாது. அரம் போட்டு, பார்த்துப் பார்த்துப் பொருத்தவேண்டும். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் போச்சு. நெம்பு நகரும், நாக்கு நிற்காது.

ஜெயில் யாருக்கு?

1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஆயுதத்தின் உதிரி பாகமும் ஆயுதம்தான். அமெரிக்காவில் 1968-ம் ஆண்டுச் சட்டப்படி பிஸ்டலின் உடல் கூடுதான் துப்பாக்கி. சேப்டி, ஸ்பிரிங் எல்லாம் சைக்கிள் சாமான் மாதிரி தபாலில் விற்பனை ஆகின்றன. அதைப் பார்த்துவிட்டு இங்கிருந்து ஆர்டர் போடுகிறவர், அனுமதி இல்லாமல் ஆயுதம் இறக்குமதி செய்தார் என்ற வழக்கில் மாட்டிக்கொள்வார்.

அடுத்து லேத் பட்டறை. வருகிறவர் பெரிய மனிதர். கையில் லைசென்சு இருக்கிறது. "ஒரு சின்ன சாமான்தாம்பா, அரை மணி நேர வேலை" என்கிறார். பட்டறைக்காரருக்கு இரும்பு தெரியும். சட்டம் தெரியாது. அந்த லைசென்சு, துப்பாக்கியை வைத்துக்கொள்ள அதன் சொந்தக்காரருக்குக் கொடுத்தது. ரிப்பேர் செய்வதற்குத் தனி லைசென்சு வேண்டும்.

அது இல்லாமல் கை வைத்தால் முன்பு 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. 2019-ல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்! அரை மணி நேர வேலைக்கு ஆயுள் தண்டனையா என்று அந்தக் குடும்பம் அழுது என்ன பயன்?

செய்ய வேண்டியது என்ன?

சேப்டியில் சந்தேகம் தோன்றிய நிமிடமே அந்தப் பிஸ்டல் ஓய்வு பெற்றுவிட்டது என்று சொந்தக்காரர் முடிவு கட்டவேண்டும். ஆள் இல்லாத பக்கமாக முனையை வைத்து, விசையில் விரல் படாமல், முதலில் தோட்டாப் பெட்டியைக் கழற்றவேண்டும். அதோடு விட்டுவிடக்கூடாது. குழாய்க்குள் ஒரு தோட்டா மிச்சம் இருக்கலாம். அதையும் எடுத்துவிட்டுக் கண்ணால் பார்க்கவேண்டும். பழக்கம் இல்லாதவர் தொடாமல் இருப்பதே நல்லது. தெரிந்தவரைக் கூப்பிடலாம்.

பிறகு, ரிப்பேர் செய்ய லைசென்சு உள்ள துப்பாக்கிக் கடையில் ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். இஷாப்பூர் தொழிற்சாலையின் 'அஷானி' போன்ற நம் நாட்டுப் பிஸ்டல் என்றால், செய்த இடத்தையே கேட்கலாம். சாமான் கிடைக்கவே கிடைக்காது என்று ஆகிவிட்டால், லைசென்சு கொடுத்த அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து அந்தத் துப்பாக்கியைக் கழித்துக் கட்டுவதுதான் புத்திசாலித்தனம். தாத்தாவின் ஞாபகார்த்தம் என்று இழுப்பறையில் வைத்துக்கொண்டிருந்தால், பேரன் கையில்தான் அது முதலில் அகப்படும்.

அரசுக்கும் பங்கு உண்டு!

எல்லாப் பழியையும் சொந்தக்காரர் தலையில் போட்டுவிடவும் முடியாது. உள்ளே வழி இல்லை என்றால்தானே ஆள் சுவர் ஏறிக் குதிக்கிறான்? லைசென்சு கொடுப்பவர் சென்னையில் போலீஸ் கமிஷனர், மாவட்டங்களில் கலெக்டர். எந்தக் கடைக்கு ரிப்பேர் லைசென்சு இருக்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் ஒட்டி வைப்பதில் என்ன கஷ்டம்?

தேர்தல் வந்தால் லைசென்சு துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். அப்போது நம்பரை மட்டும் சரிபார்த்து அலமாரியில் வைத்துப் பூட்டினால் போதுமா? போலீஸ் ஆயுதப்படையில் துப்பாக்கி வேலை தெரிந்த ஆர்மரர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சேப்டியையும் சோதித்து, "இது சரி, இது ஆகாது" என்று சீட்டு எழுதிக் கொடுக்கட்டும். ஆகாததைத் திருப்பித் தரவேண்டாம்.

திருச்சியில் 1966-ல் தொடங்கிய துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. ராணுவத்துக்கே ஆயுதம் செய்கிற கைகளுக்கு ஒரு சேப்டி நெம்பு பெரிய காரியமா? பழைய பிஸ்டல்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு அங்கே பழுது பார்க்க மத்திய அரசு ஏற்பாடு செய்தால், லேத் பட்டறை வாசலில் யாரும் போய் நிற்கமாட்டார்கள்.

கூடாது என்று சொன்ன சட்டம், எங்கே போவது என்றும் சொல்லவேண்டும். இழுப்பறையில் கிடக்கும் உடைந்த சேப்டி, அரசாங்க உத்தரவு வரும்வரை காத்திருக்காது!