புறனடை இல்லா மொழி வளராது

பாடி என்பது பழந்தமிழில் படை தங்கும் இடத்திற்கும் ஆயர் வாழும் ஊருக்கும் பெயர். திருவலிதாயக் கோயிலைத் தன்னகத்தே கொண்ட நம் பாடியோ இன்று உழைக்கும் படை தங்கும் ஊர். அதன் மேற்கே அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964-ஆம் ஆண்டில் எழுந்தது. இரும்பைக் கடைந்த கூடங்களுக்கு அருகிலேயே இன்று கணிப்பொறி நிரல் எழுதும் கட்டடங்கள் நிற்கின்றன. அவற்றில் அமர்ந்து எழுதுவோரில் மிகப் பலர் தமிழர். அவர்கள் எழுதும் நிரலிலோ ஒரு தமிழ்ச்சொல்லும் இல்லை. ஏன் என்று வினவினால், கணிப்பொறிக்குத் தமிழ் ஒத்துவராது என்பர். ஒத்துவருமா வராதா என்பதை அவ்வறிவியலின் நுண்ணிய கூறு ஒன்றைக் கொண்டே ஆய்ந்து பார்ப்போம்.

ஒரு தொழிற்கூடத்தில் வார்ப்பு, கடைசல், பூச்சு, பொதிவு எனப் பத்துப் பிரிவுகள் உள்ளன என்று கொள்வோம். நுழைவோர் பெயரை எல்லாப் பிரிவிலும் பதிதல் வேண்டும். பத்துப் பிரிவினரும் தத்தம் வேலையை விட்டுவிட்டுப் பதிவேடு எழுதினால் வேலையும் கெடும். பதிவும் பத்து வகையாகும். வாயிலில் ஒரு காவலரை நிறுத்தி, ‘எவர் எப்பிரிவில் நுழையினும் பதிக’ என்று ஒரே கட்டளை இட்டால் சிக்கல் தீரும். பெருநிரல்களிலும் இதே நிலைதான். பதிவு செய்தல், உரிமை ஆய்தல், பிழை பிடித்தல் ஆகியவை எல்லாப் பகுதிகளையும் குறுக்கே ஊடறுத்துச் செல்கின்றன. செராக்சு குழுமத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு நடுவத்தைச் சேர்ந்த கிரெகர் கிசாலசும் அவர் தோழர்களும் 1997-இல் இதற்கொரு வழி கண்டனர். ஊடறுக்கும் அலுவலைத் தனியே எழுதி, அது எவ்வெவ்விடத்தில் சென்று சேர வேண்டும் என்பதையும் அங்கேயே குறித்துவிட்டால், கணிப்பொறியே இரண்டையும் ஒன்றாக நெய்துவிடும். பாவும் ஊடும் போன்ற இம்முறையைக் கூறுநோக்கு நிரலாக்கம் என்று நாம் அழைக்கலாம். நெய்தல் என்றே அவர்களும் அதற்குப் பெயரிட்டனர்.

சாவா மொழிக்கு இவ்வாற்றலைச் சேர்த்து அவர்கள் அமைத்த மொழியில், சேரும் இடங்களைக் குறிக்கும் வகைகள் முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தன. புதிய வகை வேண்டுமென்றால் என் செய்வது? ஆக்சுபோர்டு, மெக்கில் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து, அம்மொழிக்குப் புதிய உறுப்புகளை எளிதிற் பூட்டத்தக்க மொழிமாற்றி ஒன்றை அமைத்து, 2005-இல் அதன் கட்டமைப்பை விளக்கினர். மொழியை முடித்துக் கொடுப்பதைவிட, வளரவிட்டுக் கொடுப்பதே அறிவுடைமை என்பது இதன் கருத்து. கை சுடீல் என்னும் அறிஞர் 1998-இல் இதனையே வேறு வகையாற் காட்டினார். ஓரசைச் சொற்களை மட்டும் கொண்டு பேசத் தொடங்கி, அதனின் நீண்ட சொல் ஒவ்வொன்றையும் அவற்றாலேயே விளக்கிய பின்னரே ஆண்டார். தன் வேரிலிருந்தே சொல் வளர்தல் வேண்டும் என்று 1916 முதல் தனித்தமிழ் இயக்கம் கூறி வருவதும் இதுவன்றோ!

இனி நம் இலக்கணத்தைப் பார்மின். இடைச்சொல் தனித்து இயங்காது. பெயரையும் வினையையும் சார்ந்தே இயங்கும். ‘உம்’ என்னும் ஓர் இடைச்சொல் எச்சம், சிறப்பு, ஐயம், எதிர்மறை, முற்று, எண், தெரிநிலை, ஆக்கம் என எட்டுப் பொருளில் வரும் என்பார் தொல்காப்பியர். ‘அவன்’ என்னும் சொல் சிதையாமல் நிற்க, ‘அவனும்’ என்ற அளவில் தொடரின் பொருளே மாறுகிறது. தன்னைச் சார்ந்த சொல்லைக் கெடுக்காமல் அதன் செயலை விரிக்கும் இவ்வாற்றல், மேலே கூறிய நெசவுக்கு எவ்வளவு நெருங்கியது! அதனினும் வியப்பு, இடையியலின் புறனடை. கூறாத இடைச்சொற்கள் தோன்றினும், கூறியவற்றின் இயல்பு கொண்டு அவற்றை உணர்ந்துகொள்க என்று வாயிலைத் திறந்து வைத்தார் ஆசிரியர். நெறியும் உண்டு, வளர்ச்சிக்கு இடமும் உண்டு.

முத்து அண்ணாமலை உருவாக்கி 2009-இல் ஆய்வுரையாகவும் வெளிப்படுத்திய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியை நாம் போற்றுகின்றோம். அதில் நிலைமை முன்னே நிற்க, ‘ஆனால்’ பின்னே வரும். இது தமிழின் நடை, ஆங்கிலத்தின் நடையன்று. ‘நிரல்பாகம்’ என்று தொடங்கிப் புதிய வினைகளையும் வகுக்கலாம். பாகம் என்பதை நீக்கி நிரற்கூறு என்றிருப்பின் உள்ளம் இன்னும் குளிர்ந்திருக்கும்! அதனினும் பெரிய குறை, ‘ஆனால்’, ‘முடி’ போன்ற அடிப்படைச் சொற்களைப் பயன்படுத்துவோர் தாமே ஆக்கிக்கொள்ள இடமில்லாமை. இடைச்சொற்குரிய புறனடை அங்கில்லை.

புறனடை என்ற பெயரால் எதுவும் நுழையலாம் என்பதும் தவறே. நெய்யப்பட்ட கூறு எங்கெங்கே ஒட்டியுள்ளது என்பதை அடிப்படை நிரலைப் படிப்போர் அறியார். ஆங்கிலத்தில் ‘செட்’ என்று தொடங்கும் பெயர்களிலெல்லாம் ஒட்டுக என்று கட்டளையிட்டால், ‘செட்டில்’ என்பதும் வலையில் வீழும். எழுத்தைப் பார்த்து ஒட்டுவதால் வரும் கேடு இது. முதனிலை, இடைநிலை, ஈறு எனச் சொல்லைப் பகுத்தறியும் மொழிமாற்றி தமிழில் அமைந்தால், வேரைப் பார்த்தே ஒட்டலாம். ‘பதி’யும் ‘பதி’யில் பிறந்த ‘பதித்தான்’, ‘பதிவு’ ஆகியவையும் சேர, ‘பதில்’ விலகி நிற்கும்.

மேனிலைப் பள்ளியில் தமிழ்வழியில் கற்கும் மாணவன், விளக்கத்தைத் தமிழில் படித்து நிரலை ஆங்கிலத்தில் எழுதுகிறான். நாம் கலைச்சொற்களை ஆக்கித் தந்தோம். அவன் கையாளத்தக்க கருவியை ஆக்கித் தரவில்லை. பெயர் சூட்டியதோடு கடமை முடிந்தது என்று இருந்துவிட்டோம். குறை நம்முடையதே.

எனவே, புலவர் இலக்கணத்தையும் நிரலாளர் பொறியையும் கொண்டு ஒரே திண்ணையில் அமர்தல் வேண்டும். பாடியில், அம்பத்தூரில், ஆவடியில் நிரல் எழுதும் தமிழிளைஞர் திங்களுக்கு ஒருநாளேனும் தம் அறிவைத் தம் தாய்மொழிக்குத் தருதல் வேண்டும். தொல்காப்பியர் வாயிலைத் திறந்து வைத்துச் சென்றார். நுழையாமல் நின்றுகொண்டு, தமிழால் இயலாது என்று சொல்வது தமிழின் குற்றமா, நம் குற்றமா?