காய்ச்சல் வந்தால் வாய் திறந்து சொல்லுங்கள்



போன மாதம் ஒரு மாலை, பள்ளிக்கூடம் விட்டு வந்து அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருந்தேன். கிள்ளானிலிருந்து ஒரு தாயார் தொலைபேசியில் அழைத்தார். எங்கள் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தை விற்றபின் கிள்ளானில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனவர். அவருடைய மகன் என்னிடம் படித்தவன்.

“டீச்சர், தம்பிக்கு அஞ்சு நாளா காய்ச்சல். ரெண்டு தடவை கிளினிக்குப் போயாச்சு. இறங்கவே மாட்டேங்குது.”

முதல் தடவை மாத்திரையும் இரண்டு நாள் எம்.சி.யும் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாம் தடவை இரத்தம் எடுத்துப் பார்த்து, இரத்தத் தட்டுகள் குறைந்திருக்கின்றன, டிங்கியாக இருக்கலாம் என்றார்களாம். பையனைப் பேசச் சொன்னேன். “இந்த ஒரு மாதத்தில் வெளியூர் எங்காவது போனாயா?” என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினான்.

“பாட்டிக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுட்டு, குவா மூசாங் பக்கம் டுரியான் தோட்டத்துல பத்து நாள் வேலை செஞ்சேன், டீச்சர். காட்டோரக் கொட்டகையிலதான் படுக்கை. இது கம்பெனி கிளினிக். சொன்னா மேனேஜர் காதுக்குப் போயிடுமோன்னு பயம்.”

அவன் சொல்லவில்லை; கிளினிக்கிலும் கேட்கவில்லை. அன்றிரவே அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவி, உருப்பெருக்கியில் பார்த்தபோது மலேரியா என்று தெரிந்தது. நல்ல வேளை, பிழைத்துக் கொண்டான்.

“இந்தக் காலத்தில் மலேரியாவா?” என்று நீங்கள் கேட்பது புரிகிறது. மனிதரிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குப் பரவும் பழைய மலேரியா 2018 முதல் நம் நாட்டில் உள்ளூரில் தொற்றவில்லை என்பது உண்மைதான். ஆனால் காட்டுக் குரங்குகளிடமிருந்து கொசு வழியாக நமக்கு வரும் ‘நோலெசி’ மலேரியா இருக்கிறது. ஆண்டுக்கு ஆயிரக்கணக்கானோரைப் பிடிக்கிறது, உயிரையும் வாங்குகிறது. சபா, சரவாக்கில் அதிகம். தீபகற்பத்தின் காட்டோரங்களிலும் உண்டு. இதன் கிருமி 24 மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். ஆகவே ஒரு நாள் தாமதமும் ஆபத்து. இதிலும் டிங்கியைப் போலவே இரத்தத் தட்டுகள் குறையும். கிள்ளானில் குடியிருப்பவனுக்குக் காய்ச்சல் என்றால் எந்த டாக்டருக்கும் முதலில் டிங்கிதானே நினைவுக்கு வரும்?

இதே கிள்ளான் ஒரு காலத்தில் மலேரியாவால் நடுங்கிய ஊர். 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம், அதாவது இன்றைய போர்ட் கிள்ளான், திறந்த கையோடு காய்ச்சல் கொள்ளை நோயாகப் பரவியது. அவ்வாண்டு கிள்ளானுக்கு வந்த அரசாங்க மருத்துவர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலத்தை வடித்து, காட்டை வெட்டித் துப்புரவாக்க வைத்தார். 1901-இல் கிள்ளான் நகரிலிருந்து மருத்துவமனைக்கு வந்த மலேரியா நோயாளிகள் 334 பேர். 1905-இல் 12 பேர். ஆனால் நகருக்கு வெளியே, தோட்டங்கள் பெருகிய பகுதிகளில், நோய் குறையவில்லை. நம் முன்னோர் லயங்களில் கிடந்து மாண்டது அங்கேதான்.

பிறகு வாட்சன் அரசாங்க வேலையை விட்டு, தோட்ட மருத்துவமனைகளின் மருத்துவரானார். தோட்டங்களின் செலவில் வடிகால் வெட்டி, ஓடையில் எண்ணெய் தெளித்து, காய்ச்சல்காரருக்குக் கொயினா கொடுத்தார்கள். அரசாங்கம் மட்டும் முயன்றபோது நகரம்தான் பிழைத்தது. தனியார் மருத்துவமும் கைகொடுத்த பிறகே தோட்டத்துக்கும் விடிவு வந்தது.

அந்தக் காலத்துத் தோட்டத்து டிரசரை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பெரட்டில் யார் வரவில்லை, யார் எந்தக் காட்டோர வேலைக்குப் போனார், யார் வீட்டில் யாருக்குக் குளிர் கண்டது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். நாம் சொல்லாமலே அவருக்குத் தெரியும். இன்று பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நாம் முதலில் போய் நிற்பது தனியார் கிளினிக்கில். அங்குள்ள டாக்டர் படித்தவர்தான். ஆனால் நம்மை அறிந்தவர் அல்லர். டிரசருக்குத் தெரிந்திருந்ததை இவருக்கு நாமே சொல்ல வேண்டும்.

ஆகவே காய்ச்சலோடு போனால் மூன்று செய்திகளைக் கேட்காமலே சொல்லுங்கள். கடந்த ஒரு மாதத்தில் காடு, காட்டோரத் தோட்டம், சபா, சரவாக், மலேரியா உள்ள வெளிநாடு என எங்கே போனீர்கள்? எத்தனை நாள் தங்கினீர்கள்? காய்ச்சல் எந்த நாளில் தொடங்கியது? “மலேரியாவுக்கும் இரத்தம் பார்க்க முடியுமா, டாக்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். அங்கே வசதி இல்லையென்றால் கடிதம் வாங்கிக்கொண்டு அன்றே அரசாங்க மருத்துவமனைக்குப் போங்கள்.

மலேரியா என்று கண்டால் தனியார் டாக்டரும் சுகாதார இலாகாவுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம். அது உங்களைக் காட்டிக்கொடுக்க அல்ல. உங்களோடு கொட்டகையில் படுத்த மற்றவர்களையும் தேடி இரத்தம் பார்க்கத்தான். என் மாணவனோடு வேலை செய்தவர்களையும் அப்படித்தான் தேடிப் போனார்கள்.

காட்டோர வேலைக்குப் போகிறவர்கள் மாலையிலும் இரவிலும் முழுக்கைச் சட்டை அணியுங்கள், கொசு மருந்து பூசுங்கள், வலைக்குள் படுங்கள்.

தம்பிமாரே, டாக்டர் கங்காணி அல்லர். அவரிடம் மறைத்துக் காப்பாற்றும் வேலையைவிட உயிர் பெரிது. வீட்டிலுள்ள அம்மாமாரே, அக்காமாரே, பிள்ளை சொல்லக் கூச்சப்பட்டால் நீங்கள் கூடவே போய்ச் சொல்லுங்கள்.