பத்து இடம் வேண்டாம், இரண்டு போதும்!



அரையாண்டுத் தேர்வெல்லாம் நல்லபடியாக முடிந்ததா? இங்கே தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் வீட்டு மாடிகளில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிட்டன. நட்சத்திரத்துக்குக் கீழே, வாசலில் மார்கழிக் கோலம். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. ராத்திரியில் வீடு வீடாக வந்து பாடும் கிறிஸ்துமஸ் பாடல் குழு. வருடத்தில் இந்தப் பத்து நாட்களும் எங்கள் தெருவுக்குத் தனி அழகு.

இந்த நாட்களில் இன்னொரு காட்சியும் உண்டு. தாம்பரம் ரயில் நிலையத்திலும் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலும் முதுகில் பையோடு வந்து இறங்கும் உங்களைப் போன்ற குழந்தைகள்! மாமா வீட்டுக்கு, சித்தி வீட்டுக்கு என்று லீவுக்கு வருகிறவர்கள். பட்டணம் பார்க்க வருகிறவர்கள்.

பக்கத்து வீட்டுக்கு அப்படி வந்த ஒரு பையனிடம், "எங்கெல்லாம் போகப் போறே கண்ணா?" என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணினான். "மெரினா, சாந்தோம் சர்ச், பரங்கிமலை, பாம்புப் பண்ணை, மியூசியம், வண்டலூர், ரெண்டு மால், தி.நகர், அப்புறம் புக் ஃபேர் இருந்தா அது!"

"எத்தனை நாள்ல?"

"ஒரே நாள்ல பாட்டி! மாமா கார் வெச்சிருக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே ஒரு பழைய குற்ற உணர்ச்சியும் வந்தது. அதைத்தான் இன்று உங்களிடம் சொல்லப் போகிறேன்.

1994-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கிராமத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். பிள்ளைகளைச் சென்னைக்குச் சுற்றுலா அழைத்துப் போனேன். பெற்றோர் கஷ்டப்பட்டுச் சேர்த்துக் கொடுத்த பணம். 'கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் காட்டிவிட வேண்டும்' என்று ஒன்பது இடங்களைப் பட்டியல் போட்டேன். ஒவ்வோர் இடத்துக்கும் இருபது நிமிடம். கையில் விசில். ஊதினால் எல்லோரும் வண்டியில் ஏறிவிட வேண்டும்!

முதல் இடம் பரங்கிமலை. மலை உச்சியில் இருக்கும் தேவாலயத்துக்குள் போனோம். பீடத்துக்குப் பின்னால் சுவரில் பதித்த ஒரு கல் சிலுவை. அதைச் சுற்றிலும் ஏதோ எழுத்துகள் செதுக்கியிருந்தன. எல்லாப் பிள்ளைகளும் வெளியே வந்துவிட்டார்கள். ஒரு சிறுமி மட்டும் அங்கேயே நின்றாள். "டீச்சர், இது என்ன எழுத்து? தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லையே!" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. 'தெரியாதம்மா, கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதுக்கெல்லாம் நேரமில்லை, வா வா, வண்டி கிளம்பப் போகுது!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், 'நான் சென்ற சுற்றுலா' என்று கட்டுரை எழுதச் சொன்னேன். முப்பது நோட்டிலும் இருந்தது என்ன? வண்டியில் யார் யார் வாந்தி எடுத்தார்கள், மதியம் சாப்பிட்ட புளியோதரை, என் விசில் சத்தம்! பார்த்த இடங்களின் பெயர்கள் மட்டும் வரிசையாக, கடைக்கு எழுதிய சாமான் பட்டியல் மாதிரி இருந்தன. கேள்வி கேட்ட அந்தச் சிறுமியும் அப்படித்தான் எழுதியிருந்தாள். அந்தக் கல்லெழுத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. ஒன்பது இடம் காட்டினேன். ஒன்றையும் அவர்கள் பார்க்கவில்லை. தப்பு அவர்களுடையது அல்ல, என்னுடையது.

அதனால்தான் சொல்கிறேன்: ஒரு நாளில் பத்து இடம் வேண்டாம். இரண்டு இடம் போதும். நிதானமாகப் பாருங்கள்.

'அவ்வளவு தூரம் வந்துவிட்டு இரண்டே இடமா?' என்று உங்கள் முகம் வாடுவது எனக்குத் தெரிகிறது. சரி, பரங்கிமலையையே எடுத்துக்கொள்வோம். அந்த ஒரு மலையில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள்.

தாம்பரத்திலிருந்து கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். தென்னிந்தியாவில் முதன்முதலில் மின்சார ரயில் ஓடியது இந்தப் பாதையில்தான், 1931-ஆம் ஆண்டில். ஜன்னல் ஓரம் உட்காருங்கள். வழியில் பல்லாவரம் வரும். 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் அங்கேதான் கீழே கிடந்த ஒரு கல்லைக் குனிந்து எடுத்தார். அது சாதாரணக் கல் அல்ல. பழைய கற்கால மனிதன் செதுக்கிய கற்கோடாரி! இந்தியாவில் கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதை உலகுக்குச் சொன்ன கல் அது. எத்தனையோ பேர் நடந்துபோன பாதைதான். ஆனால் அவர் ஒருவர்தான் நின்று பார்த்தார்.

பரங்கிமலை நிலையத்தில் இறங்கி, படி ஏறி உச்சிக்குப் போங்கள். அங்கிருந்து விமான நிலையம் தெரியும். விமானங்கள் இறங்குவதைப் பார்க்கலாம். இயேசுவின் சீடர்களில் ஒருவரான புனித தோமையார் இந்த மலையில் உயிர்நீத்தார் என்பது கிறிஸ்தவ மக்களின் நம்பிக்கை. மேலே உள்ள தேவாலயம் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் கட்டியது. ஐரோப்பியர்களை நம் மக்கள் 'பரங்கியர்' என்று அழைத்ததால், மலைக்கும் அந்தப் பெயர் நின்றுவிட்டது. ஒவ்வொரு டிசம்பர் 18-ஆம் தேதியும் இங்கே திருவிழா.

இன்னொரு கதையும் இந்த மலைக்கு உண்டு. 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கில அதிகாரி, இந்தியாவை முழுவதும் அளக்கப் போகிறேன் என்று தொடங்கினார். முதலில் ஒரு நேர்கோட்டைத் துல்லியமாக அளக்க வேண்டும். அந்தக் கோடு பரங்கிமலைப் பக்கமிருந்து பெரும்பாக்கம் வரை போனது. நீளம் சுமார் 12 கி.மீ. கையில் இருந்தது 100 அடி எஃகுச் சங்கிலி. அதை ஏறத்தாழ 400 முறை எடுத்து எடுத்து வைத்து அளந்தார்கள். வெயிலில் சங்கிலி நீளும் அல்லவா? அதற்காக வெப்பமானியை வைத்துக் கணக்குப் போட்டார்கள். எவ்வளவு பொறுமை பாருங்கள்! அங்கே ஆரம்பித்த அளவை வேலைதான் பல ஆண்டுகளுக்குப் பிறகு இமயமலை வரை போனது. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என்று 1856-இல் அறிவித்தார்கள். அந்தக் கணக்கைப் போட்டவர் ராதாநாத் சிக்தர் என்ற இந்தியர். இன்றைய அளவுக்கும் அதற்கும் வித்தியாசம் சுமார் 30 அடிதான்! நம் பெரும்பாக்கத்துக்கும் எவரெஸ்டுக்கும் இப்படி ஓர் உறவு இருப்பது, இருபது நிமிடத்தில் விசில் ஊதினால் தெரியுமா?

இரண்டாவது இடமாக எழும்பூர் அருங்காட்சியகத்தை வைத்துக்கொள்ளலாம். அதே ரயிலில் ஏறினால் எழும்பூர். 1851-ஆம் ஆண்டு தொடங்கிய அருங்காட்சியகம் அது. ஃபூட் சேகரித்த பழங்காலப் பொருட்கள் அங்கேதான் வந்து சேர்ந்தன. அங்கேயும் எல்லா அறைகளிலும் ஓடாதீர்கள். ஒரே ஒரு பொருளின் முன்னால் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். ஒரு நடராசர் செப்புத் திருமேனியின் விரல்களை மட்டும் பாருங்கள். நோட்டில் வரைய முயலுங்கள். சரியாக வராது, பரவாயில்லை. வரைந்ததை நீங்கள் மறக்கவே மாட்டீர்கள். போவதற்கு முன் எந்த நாளில் விடுமுறை என்று மட்டும் பெரியவர்களை விசாரிக்கச் சொல்லுங்கள்.

மாலுக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அங்கே பெரிய கிறிஸ்துமஸ் மரம் வைப்பார்கள். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அதே மாதிரி மரத்தை எந்த ஊர் மாலிலும் பார்க்கலாம். பரங்கிமலையை இங்கே மட்டும்தான் பார்க்க முடியும்.

தேவாலயத்துக்குள் போகும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் பலர் வேண்டுதலோடு வந்து கண்ணீர் விட்டு ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் எந்த மதமாக இருந்தாலும், அது ஒருவருடைய வழிபாட்டு இடம். உங்கள் வீட்டுப் பூஜை அறையில் யாராவது சத்தம் போட்டு செல்ஃபி எடுத்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? குடில் அருகே போய் அமைதியாகப் பாருங்கள். மாட்டுத் தொழுவம், இடையர்கள், ஆட்டுக்குட்டி எல்லாம் இருக்கும். கதை தெரியாவிட்டால் அங்கே உள்ளவர்களிடம் கேளுங்கள். மகிழ்ச்சியோடு சொல்வார்கள்.

நிதானமாகப் பார்க்கும் பழக்கம் கட்டுரை எழுத மட்டும்தானா? இல்லை, குழந்தைகளே. அது உயிரையும் காக்கும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26. கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தோனேசியாவின் சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் பெரிய நிலநடுக்கம். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு சுனாமி அலைகள் நம் கரைக்கு வந்தன. மெரினாவில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், கரையோர மீனவக் குடும்பங்கள் என்று பலரை அலை கொண்டு போனது. வேளாங்கண்ணிக்குப் போயிருந்தவர்களும் மாண்டார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். 'சுனாமி' என்ற சொல்லே அன்றுவரை நம்மில் பலருக்குத் தெரியாது. எனக்கும்தான்.

அதே நாள், தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஒரு கடற்கரை. இங்கிலாந்திலிருந்து கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்த டில்லி ஸ்மித் என்ற 10 வயதுச் சிறுமி அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் நுரைத்துப் பொங்குகிறது, மேலே மேலே வருகிறது, திரும்பிப் போகவில்லை! இரண்டு வாரத்துக்கு முன் புவியியல் வகுப்பில் படித்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது. "சுனாமி வரப் போகிறது" என்று அம்மா அப்பாவிடம் அடம்பிடித்துச் சொன்னாள். பெரியவர்கள் கேட்டார்கள். கரையில் இருந்த சுமார் 100 பேர் உயிர் தப்பினார்கள்.

அவள் செய்தது என்ன? நின்று பார்த்தாள். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து யோசித்தாள். 'இது ஏன் இப்படி இருக்கிறது?' என்று மனதுக்குள் கேட்டாள். அவ்வளவுதான். அவள் அப்பா அம்மாவும் 'நேரமில்லை, வா' என்று சொல்லியிருந்தால்? நினைத்தாலே எனக்கு உடம்பு நடுங்குகிறது.

மெரினாவுக்கு நீங்களும் போவீர்கள். டிசம்பர் 26-ஆம் தேதி போனால், அந்த மக்களை ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள். கடலில் இறங்கிக் குளிக்காதீர்கள். மேலே அமைதியாகத் தெரிந்தாலும் அடியில் இழுப்பு அதிகம். அப்பா அல்லது அம்மாவின் செல்பேசி எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். கூட்டத்தில் கை நழுவினால் அதுதான் துணை.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 'செலவு செய்து வந்தோம், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்' என்று நினைக்காதீர்கள். பட்டணம் எங்கேயும் ஓடிப் போகாது. மிச்சத்தை அடுத்த வருடம் பார்க்கலாம். பிள்ளை ஓரிடத்தில் நின்று கேள்வி கேட்டால், அந்த இடத்தில் கொஞ்சம் கூட நில்லுங்கள். விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. நான் வெட்கப்பட்டதால்தான் ஒரு குழந்தையின் கேள்வி அநாதையாக நின்றது.

பணி ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் பரங்கிமலைக்குத் தனியாகப் போனேன். விசில் இல்லை, அவசரமும் இல்லை. அந்தக் கல் சிலுவைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டேன்.

என் பழைய மாணவிக்கு இப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். அவளுடைய பிள்ளைகள் இந்தப் பக்கத்தைப் படிக்கலாம், அல்லவா? அவர்களிடம் சொல்கிறேன், அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்: அது பஹ்லவி எழுத்து. பழங்காலப் பாரசீக நாட்டு மொழி. ஆயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அறிஞர்களே ஒருவர் படித்தது போல் மற்றவர் படிக்கவில்லை. நல்ல கேள்விதான் அம்மா கேட்டாள். டீச்சர்தான் பதில் சொல்ல ரொம்பத் தாமதம் பண்ணிவிட்டேன்.

நீங்கள் எந்த இரண்டு இடங்களுக்குப் போகப் போகிறீர்கள், குழந்தைகளே? இன்றைக்கே அம்மா அப்பாவோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். சின்ன நோட்டு ஒன்றை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அனைவருக்கும் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாழ்த்துகள்!