இரைச்சல் திறனாகாது

1964-இல் வந்த பான்டியாக் ஜிடிஓ போன்ற அமெரிக்க மசில் கார்களைப் புதுப்பிப்பவர்களில் பலர், புகைக்குழாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம் என்று நம்புகிறார்கள். அது தவறு. கழிவு வாயு விரைந்து ஓடினால்தான் அடுத்த சிலிண்டரின் புகையையும் இழுத்துச் செல்லும். தேவைக்கு மீறி அகன்ற குழாயில் அந்த ஓட்டம் தளர்ந்து, குறைந்த சுழற்சியில் இழுவை குறையக்கூடும். சுமார் 400 குதிரைத்திறன் வரையுள்ள வி8 எஞ்சினுக்கு இரண்டரை அங்குல இரட்டைக் குழாய் தாராளம். விட்டத்தைவிட முக்கியமானது, இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாய். இந்த எஞ்சின்களில் ஒரே பக்கத்துச் சிலிண்டர்கள் சில வேளை அடுத்தடுத்து வெடிக்கும். ஒரு குழாயில் அழுத்தம் குவியும். எச் அல்லது எக்ஸ் வடிவ இணைப்பு அதைப் பகிர்ந்து, ஓசையையும் சீராக்கும்.

உறுமல்தானே இந்தக் காரின் உயிர் என்பார்கள். ஆம், அது காக்கப்பட வேண்டியதே. ஆனால் உறுமல் வேறு, காதைக் கிழிக்கும் இரைச்சல் வேறு. மலிவான கிளாஸ்பேக் சைலன்சரில் கண்ணாடி இழை நாளடைவில் எரிந்து தீர, ஓசை கரகரத்துவிடும். உடல் பருத்த, நேர்வழிச் சைலன்சர் திறனை அதிகம் விழுங்காமலே சத்தத்தை அடக்கும். 1970 ஜிடிஓவில் குமிழை இழுத்துச் சத்தத்தைக் கூட்டும் வசதியை விற்ற பான்டியாக்கே அதை விரைவில் கைவிட்டது. கலிபோர்னியாவில் இன்று கார்களுக்கான வரம்பு 95 டெசிபல். சைலன்சர் வாங்கும் முன் எஞ்சினின் திறனைக் கணக்கிடுங்கள். அண்டை வீட்டாரின் உறக்கத்தையும் அந்தக் கணக்கில் சேருங்கள்.